மஞ்சள் வைக்காத சட்டைகள்

அந்தச் சனிக்கிழமை மைதானத்து ஓரத் தகரக் கொட்டகைக்குள் யார் யார் இருந்தோம் என்பது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கேப்டன் இருந்தான், இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி, தச்சு வேலை படிப்பவன், வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. கோல்கீப்பர் இருந்தான், யாழ்ப்பாணத்துப் பையன், கணக்கியல் படிக்க வந்தவன், அந்தக் கல்லூரியில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள். எங்களுக்காகக் கோல் போடும் சமோவாக்காரன் இருந்தான். பயிற்சியாளர் இருந்தார், வெல்டிங் பட்டறையில் பாடம் எடுக்கும் ஸ்காட்லாந்துக்காரர். ஆட்டத்துக்கு வேண்டிய மற்றவர்களும் இருந்தார்கள். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான், வரவில்லை. அதனால் அந்த இடம் எனக்கு. வெளியே, எப்போதும் நிற்கும் வேலியோரத்தில், அண்ணனின் பழைய கார் இல்லை. காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கம்பளியைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்கும் அண்ணியும் இல்லை.

பெஞ்சின் மேல் நான் கொண்டுவந்த பை இருந்தது. அதற்குள் எங்கள் வெள்ளைச் சட்டைகள், துவைத்து மடித்தவை. ஆட்டம் தொடங்க அரைமணிதான் இருந்தது. பையில் யாரும் கை வைக்கவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த சீசனை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எண்பத்திரண்டு அது. இந்த நாட்டுக் கால்பந்து அணி முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போன வருடம். ரக்பியைத் தவிர மற்றதையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கும் ஆக்லாந்தில், அந்த ஒரு குளிர்காலம் கால்பந்துக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. அந்த மரியாதையில்தான் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஓர் அணி உண்டானது. மைதான வாடகையை ஒரு வருடத்துக்கு மட்டும் தருவதாக மாணவர் சங்கம் ஒத்துக்கொண்டது. மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறினால் அடுத்த வருடமும் தருவார்கள். ஏறாவிட்டால் அணி கலைந்துவிடும். பணம் ரக்பிக்குப் போகும்.

அந்த அணி கலையக்கூடாது என்பதுதான் அந்த வருடம் முழுக்க என்னுடைய ஒரே கவலை. இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. படிப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. நாங்கள் ஃபிஜியில் லம்பாசாப் பக்கம் கரும்புக்காட்டுக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் நாலாம் வகுப்போடு நின்று, பிறகு இங்கே வந்து, கார்களின் நசுங்கிய உடம்பைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கையால் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வகுப்பில் சந்தேகம் கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். வேண்டுமென்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யாருமில்லை. மைதானத்தில்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தப்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் உரக்கச் சொன்னார்கள். வருடம் முடிந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்று நினைத்தேன்.

தொடக்கத்தில் எங்களுக்கென்று சட்டையே கிடையாது. அவரவரிடம் இருந்த பச்சை, பழுப்பு, நீலம் என்று போட்டுக்கொண்டு ஆடினோம். யார் நம்ம ஆள் என்று தெரியாமல் எதிரிக்கே பந்தைத் தட்டிவிட்டோம். முதல் ஆட்டங்களெல்லாம் தோல்வி. ஒரு நடுவர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு போட்டிகளை நடத்தும் லீக்குக்கு எழுதிவிட்டார். லீக்கிலிருந்து எச்சரிக்கை வந்தது: ஒரே நிறத்தில் சட்டை பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகு அந்த நிறமில்லாமல் இறங்கினால் புள்ளி வெட்டப்படும்.

இந்த ஊரில் கிளப்புக்குப் பணம் வேண்டுமென்றால் காலி பீர் பாட்டில் சேகரித்து விற்பது வழக்கம். நாங்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோஸ்கில் தெருக்களில் டிரெய்லர் இழுத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டினோம். அண்ணன் வீடு இருந்த தெருவும் அதில் ஒன்று. அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அன்று மாலை கேட்டார்: "என்ன தம்பி, படிக்கப் போறேன்னுட்டு பாட்டில் பொறுக்குறீங்க?"

வெள்ளைதான் மலிவு. வெள்ளை வாங்கினோம். வீடு பக்கத்தில் இருந்ததால் சட்டைகள் என் பொறுப்புக்கு வந்தன.

அண்ணி ஒரு துணித் தொழிற்சாலையில் தைக்கப் போய்க்கொண்டிருந்தார். புதுச்சட்டை மூட்டையைப் பார்த்ததும் தையலை இழுத்துப் பார்த்தார், "பரவாயில்லை" என்றார். மறுநாள் காலை நான் பையைத் திறந்தபோது ஒவ்வொரு சட்டையிலும், அடி மடிப்பின் உள்பக்கம், விரல்நுனி அளவுக்கு மஞ்சள். புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் உடம்பில் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம், எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது அணியின் சட்டை, இதற்கு வேண்டாம் என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதறிப்போய் ஒரு சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்து ரத்தக் கறை மாதிரி ஆகிவிட்டது. மற்றதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

கொட்டகையில் முதலில் கண்டுபிடித்தவன் கோல்கீப்பர்.

"மச்சான், இது மஞ்சளெல்லோ?"

"ஆமா. அண்ணி வச்சிட்டாங்க. யாருக்கிட்டயும் சொல்லாத."

"நான் சொல்லேல்லை. ஆனா அங்க பார், அவன் மணந்து பாக்கிறான்."

சமோவாக்காரன் சட்டையை மூக்கருகே வைத்திருந்தான். இது என்ன என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டான். புதுத்துணி, மங்கலம், பழக்கம் என்றெல்லாம் விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. "அதிர்ஷ்டத்துக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்று மூன்று கோல் போட்டு ஜெயித்தோம்.

அப்புறம் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. அடுத்த வாரம் துவைத்த சட்டையைப் போட்டுக்கொள்ள எவனும் தயாராக இல்லை. மடிப்பைத் திருப்பிப் பார்க்கிறார்கள், மஞ்சள் மங்கியிருக்கிறது. "உன் அண்ணிகிட்ட சொல்லு" என்றான் கேப்டன், மிகுந்த மரியாதையோடு. நான் வீட்டில் சொன்னதும் அண்ணி தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"புதுத்துணிக்குத்தான் தம்பி வைக்கிறது. துவைச்சதுக்கு யாராச்சும் வைப்பாங்களா?"

"அவங்க கேக்குறாங்க அண்ணி."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்."

கையிலிருந்த தையலை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு எழுந்துபோய் மஞ்சள் டின்னை எடுத்து வந்தார். அந்த மஞ்சள் கடைச் சரக்கல்ல. லம்பாசாவில் அவருடைய அப்பா வீட்டுக்குப் பின்னால் போட்டு, அவித்துக் காயவைத்து இடித்து, யாராவது விமானம் ஏறினால் கொடுத்துவிடுவது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து வந்து, சட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் வைத்தார். ஆட்டம் பார்க்கவும் வர ஆரம்பித்தார். காரைவிட்டு இறங்கமாட்டார். நாங்கள் கோல் போட்டால் கார் ஹார்ன் ஒருமுறை கேட்கும்.

கோல்கீப்பருக்கு மட்டும் ஒரு குறை. அவன் சட்டை பச்சை. தனிச் சட்டை, வீட்டில் அவனே துவைப்பது. ஒருநாள் அதைச் சுருட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, எனக்கும் ஒருக்கா வைச்சு விடுங்கோ. கோல்கீப்பரெண்டா மனுசன் இல்லையோ?"

"பச்சையில தெரியாதே தம்பி."

"எனக்குத் தெரிஞ்சாக் காணும்."

ஒரே பழக்கத்தை வைத்து ஒரு குளிர்காலம் ஜெயிக்க முடியும் என்று நான் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. ஒரே நிறச் சட்டை வந்ததும் பந்து சரியான ஆளுக்குப் போக ஆரம்பித்தது, அவ்வளவுதான். ஆனால் பழக்கம் என்ன செய்தது என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவன் ஏதாவது சாக்கில் எங்கள் வீட்டுக்கு வருவான். உள்ளே வந்து மேசையைப் பார்ப்பான். அண்ணி டீ கொடுப்பார். பாதி ஆங்கிலம் அவருக்குப் புரியாது, மீதிக்குத் தலையாட்டுவார். இந்த ஊருக்கு வந்து வருடங்களாகியும் எங்கள் வீட்டுக் கதவை அதற்குமுன் தட்டியவர்கள் பெரும்பாலும் பால் பணம் கேட்டவர்களும் வேதப் புத்தகம் கொண்டுவந்தவர்களும்தான்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முன் கணக்கு சுலபமாக இருந்தது. சமமாக முடித்தால் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி போதும், ஏறிவிடுவோம். தோற்றால் இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை லம்பாசாவிலிருந்து போன் வந்தது. அண்ணியின் அப்பா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். இங்கிருந்து ஃபிஜியின் நாடி நகரம், அங்கிருந்து லம்பாசா என்று விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது போனை வைக்கும்போதே தெரிந்துவிட்டது. அண்ணி தொழிற்சாலைக்குப் போகவில்லை. அழுதார், பிறகு அழுகையை நிறுத்தி, சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் கஞ்சி வைத்தார். அண்ணன் அடுப்பருகே நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கொடியில் காய்ந்த சட்டைகளை எடுத்து வந்து சத்தமில்லாமல் மடித்தேன். அண்ணி தரையில் இருந்தபடியே சொன்னார்.

"தம்பி, இந்த வாரம் வைக்க முடியாது. தீட்டு. மஞ்சளைத் தொடக்கூடாது. அந்தப் பசங்ககிட்ட சொல்லிடுங்க."

"நானும் போகல அண்ணி."

"போகாம?" என்றார் அண்ணன். "உனக்காக நிக்கிற பத்துப் பேரு என்ன பண்ணுவான்? போ. இங்க நான் இருக்கேன்ல."

இப்படித்தான் அந்தப் பை கொட்டகைக்கு வந்தது. நான் சொன்னேன். அங்கே பேசியது ஆங்கிலம்; எனக்கு மட்டும் அது இன்றைக்கும் தமிழில்தான் கேட்கிறது.

"துவைச்சிருக்கு. மஞ்சள் மட்டும் வைக்கல. அண்ணியோட அப்பா இறந்துட்டார். வீட்டுல தீட்டு. அவங்க அதைத் தொடக்கூடாது."

கேப்டன் சட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இப்ப அவங்க கூட யார் இருக்கா?" என்று கேட்டான்.

"அண்ணன்."

"வேற?"

"வேற யாரும் இல்ல. எங்களுக்கு இங்க யாரும் இல்ல."

அவன் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான். "அப்போ இன்னைக்கு இதைப் போடல."

பயிற்சியாளர் முன்னால் வந்தார். "பசங்களா, கொஞ்சம் யோசிங்க. வேன்ல பழைய சட்டை கிடக்கு. அதைப் போட்டா ரெஃபரி எழுதுவார். லீக் புள்ளியை வெட்டும். நமக்கு வேண்டியதே ஒரு புள்ளி."

"எனக்கு வெள்ளையில அது இல்லாம இறங்கப் பயமா இருக்கு" என்றான் சமோவாக்காரன், ஒளிவுமறைவில்லாமல்.

"பயத்துக்காக இல்ல" என்றான் கேப்டன்.

"எனக்குப் பயத்துக்காகத்தான்."

கோல்கீப்பர் என்னைத் தமிழில் பிடித்துக்கொண்டான். "மச்சான், கலியாணம் கட்டிப்போன பொம்பிளைப் பிள்ளைக்கு மூண்டு நாள்தான் துடக்கு. எங்கட பக்கம் அப்பிடித்தான். வியாழன், வெள்ளி, சனி. இண்டைக்குப் பின்னேரத்தோட முடிஞ்சிடும்."

"எங்க வீட்டுல பதினாறு நாளு."

"அப்ப கடையில ஒரு பக்கற்று வாங்கி நீயே வை. ஆர் பாக்கப் போகினம்?"

அவன் சொன்னது நியாயம்தான். நானும் அதே வீட்டுக்காரன், எனக்கும் தீட்டுத்தான் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான், ஏனென்றால் அவனுக்கும் அணி கலையக்கூடாது. நான் கேப்டனிடம் கெஞ்சவே செய்தேன். மஞ்சள் உண்மையில் புதுத்துணிக்கு மட்டும்தான், வாராவாரம் வைப்பது எங்கள் பழக்கமே இல்லை, அதிர்ஷ்டம் என்று நான் சொன்னதுகூட வார்த்தை கிடைக்காமல் சொன்னது, அண்ணி நம்மை இந்தச் சட்டையோடு ஆடத்தான் சொல்வார் என்றெல்லாம் சொன்னேன்.

"அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டான்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர்களிடம் சொல்லிவிடு என்று மட்டும்தான் சொன்னார்.

"எங்க வீட்டுல யாராவது போயிட்டா," என்றான் கேப்டன், "வேலைக்குப் போறவன் போகமாட்டான், ஆடுறவன் ஆடமாட்டான். எல்லாரும் அங்க போய் உட்காருவோம். நாம இன்னைக்கு ஆடுறோம். ஆடிட்டுப் போவோம். ஆனா ஒண்ணும் நடக்காத மாதிரி அவங்க சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடமாட்டோம்."

'அவங்க சட்டை' என்றான். பாட்டில் பொறுக்கி வாங்கியது நாங்கள். ஆனால் அந்தக் கொட்டகையில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

பயிற்சியாளர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்று வெளியே போய், வேனில் கோல் வலைகளுக்கு அடியில் கிடந்த பழைய சட்டை மூட்டையை அவரே தூக்கி வந்தார். ஈரநாற்றம் அடித்தது. பச்சை, பழுப்பு, நீலம். எனக்குக் கிடைத்தது கை கிழிந்த நீலம்.

"எனக்குப் பிரச்சினையில்லை" என்றான் கோல்கீப்பர், தன் பச்சைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு. "நான் எப்பவும் வேற நிறம்தானே." பிறகு மடிப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்து, அதிலிருந்த பழைய மஞ்சள் தெரியாதபடி உள்ளே சொருகிக்கொண்டான்.

நடுவர் எங்களைப் பார்த்தார், தன் சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதினார், பிறகு விசில் ஊதினார். மேற்கிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். என் பக்கமாகத்தான் வந்தது. மறுபாதியில் சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டே சமோவாக்காரன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். கார் ஹார்ன் கேட்கவில்லை. அதைக் காது தேடியது என்பது பிறகு பேசும்போதுதான் தெரிந்தது, எல்லோருக்கும் தேடியிருக்கிறது. முடியும் தறுவாயில் எதிரி உதைத்த பந்தை, கோல்கீப்பர் எங்கிருந்தோ பறந்து வந்து விரல்நுனியால் வெளியே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. எங்களுக்கு வேண்டிய அந்த ஒரு புள்ளி.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் நடுவரின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குளிக்காமல்கூட வேனில் ஏறினோம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வழியில் கோல்கீப்பர் எல்லோருக்கும் பாடம் நடத்தினான்: செத்த வீட்டில் ஹலோ சொல்லக்கூடாது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடாது, கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லவே கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

"நன்றி?" என்றான் பின்சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பையன்.

"சொல்லக்கூடாது."

"டீ கொடுத்தா?"

"கொடுக்கமாட்டினம்."

அந்தப் பையனுக்குத்தான் மிகவும் கஷ்டமாகிவிட்டது. நன்றி சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டு வெளியே வருவது அவனுக்குப் பழக்கமில்லை.

பூட்ஸுகளை வாசலில் கழற்றிவிட்டு, சேறு அப்பிய கால்களோடு, எங்கள் சின்ன ஹாலில் கம்பளத்தின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அண்ணன் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார். கேப்டன் அண்ணிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து தன் மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான், அவரிடம் மட்டுமல்ல, இறந்தவரிடமும் சொல்வதுபோல. யாரும் மொழிபெயர்க்கவில்லை. அண்ணி தலையைக் கவிழ்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மழைச் சத்தம் மட்டும் கூரையில். அண்ணி நிமிர்ந்து ஒவ்வொருவரையும் பார்த்தபோதுதான் சட்டைகள் அவர் கண்ணில் பட்டன.

"வெள்ளை எங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாசலோரம் வைத்திருந்த பைப் பக்கம் பார்த்தேன்.

"மஞ்சள் இல்லைன்னா போடல?"

"ஆமா அண்ணி."

"பைத்தியங்களா. புதுத்துணிக்குத்தான்னு சொன்னேன்ல" என்றார். அதற்குப் பிறகு வந்த அழுகை வியாழக்கிழமை அழுததுபோல இல்லை. நீளமாக, தடையில்லாமல் வந்தது. கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோல்கீப்பர் கண்ணால் சைகை காட்டினான். ஒவ்வொருவராக எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார்கள். அந்த வெள்ளைக்காரப் பையன் வாசல்வரை போய், திரும்பி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போனான்.

புதன்கிழமை பயிற்சியாளர் பட்டறையிலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். லீக் கூடியிருக்கிறது. எச்சரிக்கை ஏற்கெனவே கொடுத்தது, விதி விதிதான். இறப்பு என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். அணி ஏறவில்லை. அடுத்த வருடம் அணி இல்லை. "அன்னைக்கு அவனுங்க வெள்ளையைப் போட்டிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியல" என்று முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் செய்யப் போய்விட்டார்.

எனக்கு அன்று கேப்டன்மேல் கோபம்கூட வந்தது. மரியாதையும் பயமும் எந்த அளவில் கலந்து அந்தச் சட்டைகளை மூடி வைத்தன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பிரிக்க முடியவில்லை. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கொட்டகையில் என்னைத் தவிர யாருக்கும் தோன்றவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மேசையில் சட்டை இல்லை என்பது தெரிந்தே வந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, லீக் தண்டித்துவிட்டது என்று சொன்னேன். அண்ணி தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்திருந்தார். அண்ணன் சட்டைப்பைக்குள் கை விட்டபடியே கேட்டார்.

"அபராதமா? எவ்வளவு போட்டாங்க? நான் கட்டிடுறேன்."

"டாலர் இல்லண்ணே."

"அப்புறம் எவ்வளவுதான் போச்சு?" என்றார் அண்ணி.

"ஒரு புள்ளி."